கோப்பை கழுவிய கைகளும் கணனியும்



சித்திரை பிறந்தால் மருத்துநீர் வைத்து முழுகி, புத்தாடை உடுத்து, பெரியவர்களிடம் கைவிசேஷம் வாங்குவது எங்கள் வழக்கம். அதே நாளில் நல்ல நேரம் பார்த்துத் தொழிலைத் தொடங்குவதும் எங்கள் வழக்கம்தான். கமக்காரர் ஏர் பூட்டுவார். வியாபாரி புதுக்கணக்குத் திறப்பார். பிள்ளைகள் புத்தகத்தை விரித்து இரண்டு வரியாவது வாசிப்பார்கள். வருடம் பிறக்கும்போது கையில் ஒரு தொழில் இருக்கவேண்டும் என்பது எங்கள் முன்னோர் கண்ட வழி. இம்மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டபோது, அந்தத் தொழிலைப் பற்றியே எழுதுவோம் என்று எண்ணினேன்.

நாம் வாழுகின்ற டார்ம்ஸ்டாட் நகரம் கணனியோடு சேர்ந்து வளர்ந்த ஒரு நகரம். இங்கே பல வருடங்களாக வேலை செய்தும் எங்களில் அநேகருக்கு அந்தக் கதை தெரியாது. அந்த நகரத்தின் கதையையும் எங்கள் கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று நன்றாக விளங்கும். இயந்திரம் வந்து வேலையை மாற்றுகிறது. ஆனால் அந்தப் புதிய வேலைக்கு யாரைப் பழக்குவது, யாரை வாசலுக்கு வெளியே நிறுத்துவது என்பதை இயந்திரம் முடிவு செய்வதில்லை. மனிதர்கள்தான் முடிவு செய்கிறார்கள்.

கணக்குப் போட்ட பெண்கள்

1882ஆம் ஆண்டு டார்ம்ஸ்டாட் தொழில்நுட்ப உயர்கல்விக்கூடத்தில் எரஸ்முஸ் கிட்லர் என்பவரை மின்பொறியியல் பேராசிரியராக நியமித்தார்கள். உலகத்தில் இத்துறைக்கு அமைந்த முதற் பேராசிரியர் பதவி அதுதான். மின்விளக்கே புதினமாக இருந்த காலத்தில், நாளைக்கு இது தொழிலாகும், அதற்கு ஆட்களைப் பழக்கவேண்டும் என்று இந்தச் சிறிய நகரம் நினைத்திருக்கிறது.

1928இல் அல்வின் வால்தர் என்ற கணிதப் பேராசிரியர் இங்கே வந்தார். அவருடைய நடைமுறைக் கணித நிறுவனத்தில் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இளம்பெண்கள் பலர் மேசையில் கணக்குப் பொறிகளை வைத்துக்கொண்டு நாள் முழுவதும் கணக்குப் போட்டார்கள். ஆங்கிலத்தில் கம்பியூட்டர் என்ற சொல்லே முதலில் கணக்குப் போடும் ஆளைத்தான் குறித்தது, இயந்திரத்தை அல்ல. பென்னாம் பெரிய கணக்கு ஒன்றைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்து, ஒருவர் ஒரு படியைச் செய்து தாளை அடுத்தவரிடம் கொடுப்பார். இன்று கணனிக்கு எழுதப்படும் நிரலும் இதே வேலையைத்தான் செய்கிறது.

அந்தக் கணக்குகளில் வி-2 ரொக்கெற்றின் பாதைக் கணக்கும் இருந்தது. லண்டன் மீதும் அன்ட்வேர்ப் மீதும் விழுந்து ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற ஆயுதம் அது. கல்வி எந்தக் கைக்குள் போகிறது என்பதும் நாம் மறக்கக்கூடாத விடயம்.

1944 செப்டெம்பர் 11ஆம் திகதி இரவு பிரித்தானிய விமானங்கள் டார்ம்ஸ்டாட்டை எரித்தன. ஒரே இரவில் பதினோராயிரம் பேரளவில் மாண்டார்கள். நகரின் நடுப்பகுதி சாம்பலானது. கோட்டைக்குள் இருந்த நூலகத்தின் பெரும்பகுதியும் எரிந்து போனது. எரிந்த நூலகம் என்றால் என்ன என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைப் பார்த்தவர்கள் இன்றும் எங்களிடையே இருக்கிறார்கள்.

எரிந்த நகரம் பிறகு என்ன செய்தது? 1950களில் வால்தரின் நிறுவனம் ‘டேரா’ என்ற மின்கணனியைத் தானே கட்டியது. 1960களின் தொடக்கத்தில் ஜேர்மன் கணிப்பு மையம் இங்கே அமைந்தது. ஐபிஎம் 7090 என்ற பெரிய கணனி அங்கே வந்து, நாட்டின் பல பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கும் கணக்குப் போட்டுக் கொடுத்தது. 1967இல் ஐரோப்பிய விண்வெளிச் செயற்பாட்டு மையம் இங்கே திறக்கப்பட்டது. ஐரோப்பாவின் விண்கலங்களை இன்றும் எங்கள் தொடருந்து நிலையத்துக்குப் பக்கத்திலிருந்துதான் நடத்துகிறார்கள். 1968இல் ரொபேர்ட் பிலோட்டி என்ற பேராசிரியரின் முயற்சியால் ஜேர்மனியின் முதலாவது கணனியியல் படிப்பு இங்கே தொடங்கியது. மறு வருடம் ‘சொவ்ட்வெயார் ஆகே’ என்ற மென்பொருள் நிறுவனமும் இங்கேயே பிறந்தது.

எரிந்து இருபத்தைந்து வருடத்துக்குள் இவ்வளவும் நடந்தது. இந்த நகரம் முதலில் தன் பிள்ளைகளைப் பழக்கியது. தொழில் பின்னாலே வந்தது.

அச்சுக்கோப்பாளர் கேட்ட உரிமை

மாற்றம் எல்லோருக்கும் இனிப்பாக இருந்தது என்று சொல்லமுடியாது. ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்துப் பத்திரிகை அச்சடித்த காலத்தை எங்கள் மூத்தவர்கள் யாழ்ப்பாணத்து அச்சகங்களில் கண்டிருப்பார்கள். ஜேர்மனியிலும் அச்சுக்கோப்பாளர் என்றால் மரியாதைக்குரிய தொழிலாளி. 1970களில் திரையும் விசைப்பலகையும் அச்சகத்துக்குள் வந்தபோது அவர்களுடைய கைத்தொழிலுக்கு ஒரே நாளில் விலையில்லாமற் போனது.

அவர்கள் ‘கணனி வேண்டாம்’ என்று சொல்லிக்கொண்டு இருந்துவிடவில்லை. 1978இல் வேலைநிறுத்தம் செய்து, தொழிற்சங்கத்தின் மூலம் ஓர் ஒப்பந்தத்தைப் பெற்றார்கள். புதிய திரைகளுக்கு முன்னால் உட்காரும் வேலையை எட்டு வருடங்களுக்கு முதலில் அச்சுக்கோப்பாளருக்கே கொடுக்கவேண்டும், அவர்களை அதற்குப் பழக்கவும் வேண்டும் என்பது அதன் சாரம். வேலை மாறும்போது பழக்கிவிடும் பொறுப்பு முதலாளிக்கும் உண்டு என்பதை எழுத்தில் வாங்கினார்கள். இதை நாங்கள் மனதில் வைத்திருக்கவேண்டும். பின்னால் தேவைப்படும்.

நாங்கள் வந்து சேர்ந்த காலம்

1983 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு எம்மவர் பலர் கிழக்கு பெர்லின் ஷோனஃபெல்ட் விமானநிலையத்தில் இறங்கி, நகரத் தொடருந்தில் மேற்கு பெர்லினுக்குள் வந்து, அங்கிருந்து நாடு முழுவதும் பரவினார்கள். நான் வந்தது 1985இல். யாழ்ப்பாணத்தில் ஒரு கந்தோரில் தட்டச்சாளராக இருந்தவன். தமிழிலும் ஆங்கிலத்திலும் விசைப்பலகையைப் பாராமலே அடிப்பேன். சான்றிதழையும் பையில் கொண்டுவந்தேன். இங்கே அதை ஒருவரும் கேட்கவில்லை.

அக்காலச் சட்டம் அப்படி. அகதி விண்ணப்பம் போட்டவர் தன் மாவட்டத்தை விட்டு அனுமதியின்றி வெளியே போகக்கூடாது. என்னைப்போல வந்தவர்களுக்கு இரண்டு வருடம் வேலை செய்யத் தடை. 1987இல் அந்தத் தடையை ஐந்து வருடமாக நீட்டினார்கள். 1991இல்தான் அதை எடுத்தார்கள். அரசாங்கம் நடத்தும் மொழி வகுப்பும் எங்களுக்கு இல்லை. முகாம் அறையில் நாலு பேர். சுவரையும் யன்னலையும் பார்த்துக்கொண்டு இருபத்தைந்து முப்பது வயது இளைஞர்கள் சும்மா இருந்தோம். ‘சும்மா இருந்து காசு வாங்குறாங்கள்’ என்று வெளியே கதைத்தார்கள். சும்மா இருக்கச் சொன்னது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அனுமதி கிடைத்ததும் கிடைத்த வேலைக்குப் போனோம். எனக்குக் கிடைத்தது ஓர் உணவகத்தின் பின்பக்கத்தில் கோப்பை கழுவுற வேலை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்தக் காசில்தான் ஊரில் தங்கைமாருக்குக் கல்யாணம் நடந்தது, தம்பிமார் படித்தார்கள். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். கணனிப் படிப்பை ஜேர்மனிக்கே முதன்முதலில் கொடுத்த நகரத்தில், பத்து விரலாலும் தட்டச்சு அடிக்கக்கூடிய ஒருவன் கொதிதண்ணிக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றான். இழப்பு எனக்கு மட்டும்தானா?

தமிழ் எழுத்துப் பழக்கிய கணனி

எங்களுக்குக் கணனி பழக்கியது தமிழ்தான் என்று சொன்னால் இளையவர்கள் சிரிப்பார்கள். ஆனால் உண்மை அதுதான்.

1990களின் நடுவில் எங்கள் தமிழ்ப் பாடசாலை விழாவுக்கு அழைப்பிதழ் அடிக்கவேண்டும், புத்தாண்டு மலர் போடவேண்டும். ஒருவர் பழைய கணனி ஒன்றை எங்கேயோ வாங்கிக்கொண்டு வந்தார். பாமினி எழுத்துருவை இன்னொருவர் தட்டில் போட்டுத் தந்தார். “அண்ணை, நீங்கள்தானே தட்டச்சுப் படிச்சனீங்கள், வந்து இருங்கோ” என்றார்கள். நானும் இருந்தேன்.

பாமினியின் எழுத்து ஒழுங்கு பெரும்பாலும் பழைய தமிழ்த் தட்டச்சின் ஒழுங்குதான். அந்தத் தமிழ்த் தட்டச்சை அமைத்தவர் யார் தெரியுமோ? யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்து, கடல்கடந்து போய்ச் சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா. அவருடைய சிறிய தட்டச்சுப் பொறியைச் செய்து கொடுத்ததும் ஒரு ஜேர்மன் தொழிற்சாலைதான், டிரெஸ்டன் நகரத்துச் சைடல் நௌமன். எங்களுக்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே எங்கள் ஊரவர் ஒருவர் ஜேர்மனியரிடம் தமிழ் விசை செய்வித்திருக்கிறார்!

ஆனால் ஜேர்மன் விசைப்பலகையில் இருந்து அடிக்கத் தொடங்கியதும் தலைசுற்றியது. ‘ல’ அடித்தால் ‘ண’ விழும். ‘ண’ அடித்தால் ‘ல’ விழும். ஏனென்றால் ஆங்கிலப் பலகையில் ஒய் இருக்கும் இடத்தில் ஜேர்மன் பலகையில் இசட் இருக்கிறது. புள்ளிக்கு அரைப்புள்ளி விசையை அடிக்கவேண்டும். அது சின்னவிரலுக்குக் கீழே இருந்த இடத்தில் ஒரு ஜேர்மன் எழுத்து குந்திக்கொண்டு இருந்தது. தமிழில் புள்ளி இல்லாத சொல் எத்தனை? ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டு விசை அமத்தி அமத்தி அந்த முதல் மலரை அடித்து முடித்தோம். அட்டையில் ‘வாழ்த்துக்கள்’ என்பது ‘வாழ்த்துக்கண்’ என்று வந்துவிட்டது. ஒரு வருடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

பிறகுதான் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஒரு தம்பி, கணனிக்குள்ளேயே பலகையை ஆங்கில ஒழுங்குக்கு மாற்றலாம் என்று காட்டித் தந்தான். விசைகளில் சின்னத் துண்டுக் கடதாசி வெட்டி ஒட்டினோம். அன்றைக்குத்தான் எனக்கு ஒரு விடயம் விளங்கியது. கணனி சொல்வதை நான் கேட்கவேண்டியதில்லை. நான் சொல்வதை அது கேட்கும். இதுதான் கணனி அறிவின் முதற்பாடம் என்று இன்றும் நினைக்கிறேன்.

இது டார்ம்ஸ்டாட்டில் மட்டும் நடந்ததல்ல. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1980களிலேயே முரசு மென்பொருளை உருவாக்கியிருந்தார். பக்கத்து நாடான சுவிஸில், லௌசான் நகரில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவைச் செய்தார். 1997இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி போன்றோரின் முயற்சியால் தமிழ் இணையத்துக்கு முதல் மாநாடு கூடியது. 1998 பொங்கல் நாளில் மதுரைத் திட்டம் தொடங்கி, உலகெங்கும் இருந்த தமிழர் ஆளுக்கொரு நூலாகத் தட்டச்சுச் செய்து இலவசமாகக் கொடுத்தார்கள். 2005இல் ஈழத்து நூல்களைக் காக்க நூலகம் திட்டம் வந்தது. எரிந்ததை இனி எரியாத இடத்தில் வைப்பது எவ்வளவு பெரிய வேலை! 2009இல் தமிழ் இணைய மாநாடு எங்கள் ஜேர்மனியிலேயே, கேல்ன் பல்கலைக்கழகத்தில் நடந்தது.

இவர்களில் பலருக்கு இது சம்பள வேலை அல்ல. வேலை முடிந்து வந்து இரவிரவாகச் செய்தது. அப்போது ஒருவருடைய எழுத்துரு இன்னொருவருடைய கணனியில் இல்லாவிட்டால் ‘தமிழ்’ என்ற சொல்கூட ஜே, கே, பி, ஓ என்று ஆங்கில எழுத்தாகத்தான் தெரியும். யுனிகோட் வந்து பரவிய பிறகு அந்தக் கரைச்சல் தீர்ந்தது. இன்று கைத்தொலைபேசியில் பேரப்பிள்ளைக்குத் தமிழில் எழுதும் அம்மம்மாவுக்கு இந்த வரலாறு தெரியவேண்டும்.

மலர் அடித்த அந்தப் பழக்கம் எனக்குச் சோறும் போட்டது. நான் பின்னர் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்கும் வேலையில் இருந்தேன். ஒருநாள் பதிவு செய்பவர் வரவில்லை. சரக்கு வந்து குவிந்துவிட்டது. “நான் அடிக்கிறன்” என்று உடைந்த ஜேர்மனில் சொன்னேன். பலகையைப் பாராமல் அடித்ததை மேற்பார்வையாளர் பார்த்துக்கொண்டே நின்றார். அடுத்த மாதம் என்னைப் பதிவு மேசைக்கு மாற்றினார்கள்.

எல்லோருக்கும் அப்படி வாய்க்கவில்லை. என்னோடு வேலை செய்த ஓர் அண்ணை இருந்தார். கையில் பிடிக்கும் வாசிப்புக் கருவி வந்தபோது திரையில் வரும் ஜேர்மன் அவருக்கு விளங்கவில்லை. கேட்க வெட்கம். வீட்டில் பத்து வயது மகள் இரவில் கையேட்டை வாசித்துச் சொல்லுவாள். பகலில் மறந்துபோகும். பிழை கூடக் கூட, அவரை மெதுவாக வெளியே விட்டார்கள். கைகால் சுகமாக இருந்த, கடுமையான உழைப்பாளி. அவருக்குக் குறைவாக இருந்தது நாற்பது மணித்தியாலப் பயிற்சி மட்டும்தான்.

பச்சை அட்டை வந்த வருடம்

2000ஆம் ஆண்டு ஹனோவர் கணனிக் கண்காட்சியில், ஜேர்மனிக்குக் கணனி நிபுணர்கள் போதாது என்று அதிபர் ஷ்ரோடர் அறிவித்தார். அவ்வருடம் ஆகஸ்ட் முதலாம் திகதி ‘பச்சை அட்டை’ திட்டம் தொடங்கியது. இருபதினாயிரம் பேர் வரை எடுக்கலாம் என்றார்கள். பட்டம் இருக்கவேண்டும், அல்லது வருடத்துக்கு ஒரு லட்சம் மார்க் சம்பளம் இருக்கவேண்டும். வந்தவர்களில் இந்தியர்கள் நிறையப் பேர்.

அதே காலத்தில் எங்கள் நிலை என்ன? 1997 மே மாதத்துக்குப் பிறகு வந்த அகதி விண்ணப்பதாரருக்கு வேலைத்தடை மீண்டும் போடப்பட்டிருந்தது. அது தளர்ந்தது 2000ஆம் ஆண்டின் முடிவில்தான். ஒரு வாசலால் ஆட்களைக் கூப்பிட்டார்கள். இன்னொரு வாசலில் வந்து நின்றவர்களைச் சும்மா இருக்கச் சொன்னார்கள்.

ஒருநாள் பிராங்பேர்ட் தொடருந்தில் சென்னையிலிருந்து வந்த பொறியியலாளர் ஒருவரைச் சந்தித்தேன். தமிழைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

“அண்ணே, நீங்க இங்க எவ்ளோ வருஷமா இருக்கீங்க?”

“பதினைஞ்சு வரியம்.”

“என்ன வேலை பாக்குறீங்க?”

“ஒரு களஞ்சியத்தில கணனியில பதியிறன்.”

“கம்ப்யூட்டர் எங்க படிச்சீங்க?”

“எங்கட புத்தாண்டு மலரிலை” என்றேன். அவருக்கு விளங்கவில்லை. எனக்கு விளக்கவும் நேரமில்லை, இறங்குமிடம் வந்துவிட்டது.

அந்தத் தம்பிமேல் எனக்கு ஒரு பொறாமையும் இல்லை. அவர் படித்ததற்கு மதிப்புக் கிடைத்தது, நல்லது. எங்கள் கையில் இருந்ததை ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை. அதுதான் எங்கள் குறை.

இனி என்ன செய்யலாம்?

காலம் மாறியிருக்கிறது. 2005இல் ஒருங்கிணைப்பு வகுப்புகள் சட்டமாக வந்தன. 2012இல் வெளிநாட்டுத் தொழிற்தகைமையை மதிப்பிட்டு ஏற்கும் சட்டம் வந்தது. 2003 முதல் வேலை முகவரகத்தின் பயிற்சிச் சீட்டு இருக்கிறது. 2019 ஜனவரியிலிருந்து, தொழில்நுட்பத்தால் வேலை மாறக்கூடியவர்களுக்கு, வேலையில் இருக்கும்போதே பயிற்சிச் செலவை அந்த முகவரகம் ஏற்க இடமுண்டு. வயது தடையில்லை, பட்டமும் தேவையில்லை. எங்கள் ஹெஸ்ஸன் மாநிலத்தில் வேலை செய்பவருக்கு வருடத்துக்கு ஐந்து நாள் சம்பளத்தோடு கல்வி விடுப்பும் உண்டு. அங்கீகாரம் பெற்ற கணனி வகுப்புக்கும் அதை எடுக்கலாம். அச்சுக்கோப்பாளர் 1978இல் போராடி வாங்கியதில் ஒரு பங்கு இன்று சட்டத்தில் எங்களுக்கும் எழுதிக் கிடக்கிறது. கேட்டு வாங்குபவர்கள்தான் குறைவு.

2017இல் டார்ம்ஸ்டாட் ஜேர்மனியின் ‘டிஜிட்டல் நகரம்’ போட்டியில் வென்றது. ஆனால் இந்த நகரத்தில் இன்றும் எங்கள் வீடுகளில் என்ன நடக்கிறது? கந்தோரிலிருந்து கடிதம் வந்தால் முன்பு பிள்ளை மொழிபெயர்த்தது. இன்று வைத்தியருக்கு நேரம் எடுப்பது, வரிப் படிவம் நிரப்புவது, வங்கிக் கணக்குப் பார்ப்பது எல்லாவற்றுக்கும் பிள்ளையைத்தான் கூப்பிடுகிறோம். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு அப்பாவின் கடவுச்சொல்லும் தெரியும், அம்மாவின் வருத்தமும் தெரியும். பிள்ளைகள் முகம் சுளிக்காமல் செய்கிறார்கள். ஆனாலும் அந்தச் சுமையை இறக்கவேண்டியவர்கள் நாங்கள்தான்.

ஆகையால் மூன்று விடயத்தைச் சொல்லி முடிக்கிறேன். வேலைத்தலத்தில் புதிய கருவி வந்தால் ‘விளங்கிட்டுது’ என்று தலையாட்டாதீர்கள். ‘எனக்குப் பழக்கி விடுங்கோ’ என்று கேளுங்கள். கேட்பது குறைவல்ல, உரிமை. இரண்டாவது, மக்கள் கல்லூரியின் கணனி வகுப்புக்குத் தனியாகப் போக வெட்கமென்றால் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து போங்கள். மூன்றாவது இளையவர்களுக்கு. அப்பா அம்மாவுக்கு நீங்களே அமத்திக் கொடுக்காதீர்கள். பக்கத்தில் இருந்து, அவர்களுடைய விரலால் அமத்த விடுங்கள். எனக்கு அந்தத் தம்பி செய்தது அதுதான். பலகையை அவன் தொடவேயில்லை. “நீங்களே செய்யுங்கோ அண்ணை” என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருந்தான்.

இந்தச் சித்திரையில் கைவிசேஷம் கொடுக்கும்போது பணத்தோடு ஒரு மணித்தியாலத்தையும் சேர்த்துக் கொடுப்போம். பெரியவர் பிள்ளைக்குத் தமிழ் எழுத்தைக் காட்டட்டும். பிள்ளை பெரியவருக்குப் படிவத்தைக் காட்டட்டும். நல்ல நேரத்தில் தொடங்கிய தொழில் வருடம் முழுக்க நிலைக்கும் என்று எங்கள் ஆச்சிமார் சொல்லுவார்கள்.

அனைவருக்கும் இனிய புத்தாண்டு வாழ்த்துக்கள்! இம்முறை ‘ள்’ சரியாகத்தான் விழுந்திருக்கிறது.